சிஸ்டம் அக்காவும் ஆறு தாள்களும்

வளையல்களை முழங்கைப் பக்கம் ஏற்றிவிட்டுக்கொண்டு, “யாரு கடைசியா அமுக்கினது?” என்று கேட்கிறார் சிஸ்டம் அக்கா. பிரிண்டர் நின்றுபோனால் எங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேரும் ஒன்றும் தெரியாத குழந்தைகள் ஆகிவிடுவோம். கணினிப் பிரிவு என்று நாங்கள் சொல்வது இவர் ஒருவரைத்தான்.

பிரிண்டர் இருப்பது மேனேஜர் அறையில். நாங்கள் தாளை வீணாக்குகிறோமாம், அதனால் கண்ணெதிரே வைத்துக்கொண்டார். அக்கா அந்தப் பக்கம் போவதில்லை. தன் இடத்தில் உட்கார்ந்தபடியே எங்கள் தாள்களை வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் லினக்ஸ் சர்வரின் கறுப்புத் திரையைத் திறந்து, வெள்ளை எழுத்துகளை முணுமுணுவென்று வாசிப்பார். சர்வரை ‘அவரு’ என்பார், பிரிண்டரை ‘அது’. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

“அவரு நடந்ததை நடந்தபடி லாக்ல எழுதி வெச்சிருப்பாரு. அது கூசாமப் புளுகும். வயித்துல கட்டுக்கட்டா பேப்பரை வெச்சுக்கிட்டே பேப்பர் இல்லேங்கும்.”

கட்டளை பலிக்காவிட்டால் எழுந்து நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, அதையே மறுபடி அடிப்பார். பாதி நேரம் பலித்துவிடுகிறது. என்ன தப்பு என்று கேட்டால், “முதல் தடவை கோவமா அடிச்சிட்டேன்” என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

போன புதன்கிழமை பிரிண்டர் நின்றது. காலையில் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சூட்டில் நான் ராஜினாமாக் கடிதம் அடித்திருந்தேன். தாள் வரவில்லை. ஆத்திரத்தில் ஆறு முறை அமுக்கினேன். மதியச் சாப்பாட்டுக்குள் ஆத்திரம் இறங்கிவிட்டது, பயம் பிடித்துக்கொண்டது. இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு நாதி இல்லை. கடிதமோ என் கணினியை விட்டுப் போய், சர்வரில் எங்கோ வரிசையில் நிற்கிறது. பிரிண்டர் உயிர் பெற்றால் நேரே மேனேஜர் கையில்தான். அவரும் உள்ளேயிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம், “என்னம்மா ஆச்சு?” என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த இயந்திரம் நாசமாய்ப் போகட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு அக்காவின் பின்னால் போய் நின்றேன்.

“கரண்டு போய் வந்ததுல அதோட அட்ரஸ் மாறியிருக்கு. அவரு பாவம், காலையிலேருந்து பழைய வீட்டுக் கதவையே தட்டிட்டிருக்காரு” என்றபடி புது முகவரியை அடித்தார். பிறகு வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே வந்தவர், என் பெயரில் நிறுத்தினார்.

“பதினொண்ணு பத்து. ஒரே பக்கம். ஆறு தடவை.” திரும்பி என்னைப் பார்த்தார். “லீவு லெட்டருக்கு யாரும் ரெண்டு தடவைக்கு மேல அமுக்க மாட்டாங்க. ராஜினாமாவா?”

என் தலை தானாக ஆடியது. “வேணாம்க்கா. எப்படியாவது நிறுத்துங்க.”

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?”

விரல்கள் பறந்தன. ஐந்து கடிதங்கள் ஒழிந்தன. முதல் கடிதத்தை மட்டும், முகவரி கிடைத்த சந்தோஷத்தில் சர்வர் அனுப்பியே விட்டார். உள்ளே பிரிண்டர் கரகரத்தது.

நாங்கள் ஓடிப்போனபோது மேனேஜர் தாளும் கையுமாக, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா இது? ‘மதிப்பிற்குரிய ஐயா, இனி ஒரு நிமிடம்கூட...’”

“டெஸ்ட் பேஜ் சார்” என்றார் அக்கா.

“டெஸ்ட் பேஜ்ல எதுக்கு மதிப்பிற்குரிய ஐயா?”

“மரியாதையாக் கேட்டாத்தான் சார் அது அடிக்குது.”

மேனேஜர் பிரிண்டரை ஏற இறங்கப் பார்த்தார். நம்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். தாளின் அடியில் என் பெயர் இருந்தது. அவர் கண் அங்கே இறங்குவதற்குள் அக்கா தாளை உருவி, நான்காக மடித்து, குனிந்து பிரிண்டர் மேசையின் ஆடுகிற காலுக்கடியில் செருகினார். எழுந்து, மேசையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.