ஓ என்று எழுதிய சீட்டு

1984-இல் நல்லம்பள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் ஜான் பீயை நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் நர்ஸ் இல்லை. லேப் டெக்னீசியன் படிப்பை முடித்துவிட்டு, பெங்களூரிலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் சவுரியப்பனிடம் வேலைக்குச் சேர்ந்தவள். தாய்மாமனையே கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் என்னென்ன ரத்தக் குணங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றன என்பது அவருடைய ஆராய்ச்சி. ஜீப்பில் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுப்பதும், தருமபுரி பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த வாடகை அறையில் அதைச் சோதிப்பதும் ஜான் பீயின் வேலை.

ரத்தம் கொடுத்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவரவர் ரத்த வகையை ஆளுக்கொரு சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று அவள்தான் யோசனை சொன்னாள்.

அந்தச் சீட்டு மாதுவின் வீட்டில் வினையானது. மாதுவுக்கு ஏபி, மனைவி தீர்த்தம்மாளுக்கு ஓ, ஒன்பது வயது மகள் காசியம்மாளுக்கும் ஓ. மூன்று சீட்டுகளையும் பார்த்த ஊர் வாத்தியார் ஒருவர், ஏபி உள்ளவனுக்கு ஓ வகையில் பிள்ளை பிறக்காது என்று நாலு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டார். மறுநாளே மாது மனைவியைப் பிள்ளைகளோடு அவள் பிறந்த வீட்டுக்கு அனுப்பினான். அது அவனுடைய சொந்த அக்காவின் வீடு.

தீர்த்தம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு தருமபுரி அறைக்கு வந்தாள். அழவில்லை. சீட்டை மேசைமேல் வைத்தாள்.

“நீங்க எழுதுனதுதானுங்களே? மறுக்காப் பாருங்க. நான் எந்தத் தப்பும் பண்ணலீங்க.”

ஜான் பீ சிறுமியிடம் புதிதாக ரத்தம் எடுத்துச் சோதித்தாள். மறுபடியும் ஓ என்றே வந்தது. சவுரியப்பன் எட்டிப் பார்த்தார்.

“இப்படி ஒண்ணு ரெண்டு எல்லா ஊர்லயும் வரும். அந்தக் குடும்பத்தைக் கணக்கிலிருந்து எடுத்துடு” என்றார்.

ஜான் பீ எடுக்கவில்லை. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்பதற்காக அவர்கள் வழக்கமாகச் செய்யாமல் விடும் சோதனை ஒன்று இருந்தது. சிறுமியின் ரத்தத்தில் தெளிந்து நின்ற நீரை எடுத்து, அதில் ஓ வகை ரத்தத்தைக் கலந்தாள். ஜான் பீக்கும் ஓ வகை என்பதால் தன் விரலில் குத்தியே அதை எடுத்தாள். இருவருக்கும் ஒரே வகை என்றால் எதுவும் நடக்கக்கூடாது. திட்டுத் திட்டாகக் கட்டிக்கொண்டது. சோதனைக் குழாய் அழுக்கோ என்று கழுவி, இன்னும் இரண்டு முறை செய்தாள். அப்போதும் கட்டியது.

குழாயைச் சவுரியப்பனிடம் காட்டினாள். மாதிரியை அவரே பெங்களூருக்கு எடுத்துப் போனார். பத்து நாளில் முடிவு வந்தது. காசியம்மாளுக்கு ஓ இல்லை. பம்பாய் வகை என்கிற மிக அரிதான ரத்தம்.

இருவரும் மாதுவின் வீட்டுக்குப் போனார்கள். ஜான் பீயே பேசினாள்.

“ஏ, பி ரெண்டும் ரத்தத்துல நிக்கணும்னா அடியில அதைத் தாங்கிப் பிடிக்கிற பொருள் ஒண்ணு இருக்கணுங்க. உங்க பொண்ணுக்கு அது இல்ல. அதனால உங்க வகை அவ உடம்புல இருந்தாலும் வெளிய தெரியல. முழுசாப் பாக்காம எழுதுனது என் தப்பு.”

“அது ஏனுங்க இல்லாம போச்சு?”

“அப்பா, அம்மா ரெண்டு பேரும் அந்தக் குறையைக் கொடுத்தாத்தான் இப்படி வரும். உங்க சம்சாரம் உங்க அக்கா மக, ரெண்டு பேரும் ஒரே குடும்பத்து ரத்தம். ஒரே குறை ரெண்டு பேர்கிட்டயும் மறைஞ்சு இருந்திருக்கு.”

 மறுநாள் மாது மனைவியை அழைத்துவர அக்கா வீட்டுக்குப் போனான். தீர்த்தம்மாள் உடனே கிளம்பவில்லை.

“வாத்தியாரு நாலு பேரு முன்னால சொன்னதை நாலு பேரு முன்னாலயே இல்லைன்னு சொல்லட்டும்” என்றாள்.

மூன்றாம் நாள் மாது வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு வந்தான். தான் சொன்னது தப்பு என்று வாத்தியார் அக்கம்பக்கத்தார் காதில் விழும்படி சொன்னார். அதன்பிறகுதான் அவள் பையை எடுத்தாள். மாது மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை.

ஜான் பீ அதற்குப்பின் இரண்டாவது சோதனையும் செய்யாமல் யாருக்கும் சீட்டு எழுதவில்லை. வேலை இரட்டிப்பானது, சவுரியப்பன் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மாதுவின் இரண்டு வயது மகனையும் சோதித்தார்கள். அவனுக்கும் அதே வகை. அக்கா தம்பி இருவருக்கும் வேறு எந்த வகை ரத்தமும் ஏற்றக்கூடாது, ஆபத்து நேர்ந்தால் பெரியவர்களான பிறகு ஒருவருக்கொருவர் கொடுக்கலாம் என்று ஜான் பீ தடித்த அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தாள். தீர்த்தம்மாள் அதை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.