மஞ்சளாய் இருந்த மூன்றாவது பெண்

2005 கோடையில் மரக்காணத்துக்குப் பக்கத்து உப்பளக் கிராமம் ஒன்றில் சுகாதார நர்சாக இருந்தேன். உப்பு வாரும் காலம். வெயிலும் உப்பு மேடுகளும் சேர்ந்து மதியத்துக்குள் கண்ணை எரியவைத்துவிடும்.

அன்று கடைசியாகப் போன வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து நான்கு நாள். தாயும் தகப்பனும் உப்பளக் கூலிகள். குழந்தையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உள்ளங்கால்வரை மஞ்சள். எழுப்பினாலும் பால் குடிப்பதில்லை என்றாள் தாய். இன்றைக்கே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், அங்கே விளக்கு வெளிச்சத்தில் வைப்பார்கள் என்றேன்.

தகப்பன் கால் கழுவிக்கொண்டே, "ரெண்டு நாள் பாக்கலாங்க. பொட்டப்புள்ளதானே, தேறிடும்" என்றான்.

அவன் முரடன் இல்லை. முந்தின மாதம் தம்பி மகனுக்கு இதே மஞ்சள் வந்தபோது, நான் சொல்லி முடிப்பதற்குள் வேன் பிடித்து வந்தவன். அதைச் சொன்னேன்.

"அது வேறங்க" என்றான்.

எப்படி வேறு என்று அவன் மனைவி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. காலையிலிருந்து பல வீடு ஏறி இறங்கியிருந்தேன், கால் கெஞ்சியது. நாளைக்குக் கட்டாயம் போய்விடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் வேறு ஊரில் தடுப்பூசி முகாம். அதற்கடுத்த நாள் போனபோது யாரும் எங்கும் போயிருக்கவில்லை. குழந்தை விறைத்துப்போய், கீச்சுக் குரலில் அழுதுகொண்டிருந்தது. தகப்பன் உப்பளத்தில் இருந்தான். தாயைக் கிளம்பச் சொன்னேன்.

"திட்டுவாரு நர்சம்மா" என்றவள், சொல்லிக்கொண்டே குழந்தையைத் துணியில் சுற்றினாள். அடுத்த பஸ்ஸில் பாண்டிச்சேரி போனோம்.

குழந்தை பிழைத்தது. கழுத்து நிற்கத்தான் நாளானது. அடுத்த வருடம் ஊசி போட வந்தபோது, அதன் முதுகுக்குப் பின்னால் தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன். திரும்பவில்லை. அந்த மஞ்சள் தலைக்கேறியதால் காது கேட்காது என்று பாண்டிச்சேரியில் சொன்னார்கள்.

இரண்டாம் முறை பரிசோதனைக்குத் தகப்பனே தூக்கிக்கொண்டு வந்தான். பஸ் நிறுத்தத்தில் கேட்டான்: "மொத நாளே போயிருந்தா காது கேட்டிருக்குங்களா?"

"கேட்டிருக்கும்" என்றேன். நானும் அன்று விட்டுவிட்டுப் போனதை அவனிடம் சொல்லவில்லை. பஸ் வந்தது. அவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை, நின்றுகொண்டே போனேன்.