மாடியிலிருந்து ஓவர்லாக் மெஷினுக்கு

"நெசமாவே டெய்லரா போறீங்களாக்கா?" என்று கேட்டேன்.

"ஆமா கண்ணு. பீஸ் ரேட்டு. தெச்ச வரைக்கும் கூலி. அஞ்சு மணிக்குக் கெளம்புனா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

"பி.காம். படிச்சுட்டா?"

"ஓவர்லாக் மெஷின் சர்டிபிகேட் கேக்குதா என்ன?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீரபாண்டி பனியன் கம்பெனியில், மாடி ஆபீசில் அனுப்பிரியா அக்கா என் பக்கத்து இருக்கை; ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்கு மெயிலில் பதில் போட்டே பொழுது சாய்ந்துவிடும். ஊரில் ஆறு மணிக்குத் தொடங்கும் வள்ளி கும்மியாட்டப் பயிற்சிக்கு ஒரு நாளும் போய்ச் சேர்ந்ததில்லை. கல்லூரி விடுமுறைகளில் தைக்கப் பழகியவர், அடுத்த வாரமே கீழே டெய்லர்களோடு உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்த மேனேஜர் படியிலேயே நின்றுவிட்டார்.

பெண் கேட்பவர்கள் கம்பெனிக்கே வந்து விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அக்காவுக்கு வரன் வந்திருந்தது. நல்ல இடம். கேட்டால் ஆபீசில்தான் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என நானே முடிவு செய்திருந்தேன். அதற்குள் அவரே என்னைத் தேடி மாடிக்கு வந்தார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்தா ஆபீஸ்னு சொல்லிராத கண்ணு. டெய்லருங்க, அஞ்சு மணிக்குக் கும்மிக்குப் போயிருவாங்கன்னு சொல்லு."