நடுத்தெருவில் கட்டிய பாவு

நகரியில் எங்கள் நெசவாளர் தெரு வாலிபர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் வகுப்பு நடத்தினார்கள். பெல் எப்போது அடிப்பது, திரும்புமுன் கையை எப்படிக் காட்டுவது, விழாமல் எப்படி இறங்குவது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். தலைமை வாத்தியார் என் சித்தப்பா. தெருவிலேயே அதிகம் விழுந்து எழுந்தவர் என்பதுதான் அவருடைய தகுதி.

அப்போதுதான் மாநில எல்லை மாறி, என் அத்தை பிரசவம் பார்த்துவந்த ஆஸ்பத்திரியோடு புதிதாகச் சில ஊர்கள் சேர்ந்தன. இனி சைக்கிளில் போய்வரத் தெரிந்தால்தான் வேலை என்று தெலுங்கில் உத்தரவு வந்தது. அந்த வேலையை நம்பித்தான் அத்தை இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருந்தாள்.

பாவம், அவளுக்கு ஹேண்டில் நேராக நிற்கவே இல்லை. மூன்று வாரத்தில் தெருவில் அவள் விழாத இடம் பாக்கியில்லை. சித்தப்பா ஒரு யோசனை சொன்னார். நெய்வதற்கான நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவோமே, அந்தப் பாவு இரண்டைப் பக்கத்துக்கொன்றாகக் கட்டி, நடுவில் அத்தையை ஓட்டவிட வேண்டும்.

"கால்வாயில வுழும், செவுத்துல முட்டும். பாவு மேல மட்டும் அக்கா வுழாது, அண்ணா!"

அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் முகம் சுண்டிப்போயிற்று. பாவுக்குக் கீழே கோழி நுழைந்தாலே கல்லெடுக்கிற மனுஷர் அவர். ஆனாலும் கைவசம் இருந்த இரண்டு பாவையும் கட்டினார். அத்தை ஆடாமல் அசையாமல் தெருக்கோடி வரை ஓட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கத்திக் கத்தித் தொண்டையே கட்டிவிட்டது.

மறுநாள் புத்தூர் சாலையிலும் அத்தை நட்டநடுவில்தான் போனாள். எதிரே வந்த பஸ் கிறீச்சென்று நின்றது. டிரைவர் தெலுங்கில் திட்டித் தீர்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்து அழுதாள்.

"ரெண்டு பக்கமும் பாவு இருக்கறாப்பலயே தோணுது. நான் இன்னா பண்றது?"

அடுத்த ஞாயிறு நைனாவே ஒரு பாவை மட்டும் தெரு நடுவில் கட்டினார்.

"இதுக்கு எடது பக்கமாவே போய்க்கினு இரு. ரோட்டுலயும் நடுவுல பாவு கட்டிக்கீதுன்னு நெனச்சிக்கோ."

அப்புறம் ரிட்டயர் ஆகும்வரை அத்தை சாலையின் இடது ஓரத்தை விட்டு விலகியதே இல்லை. சுற்றுப்பட்டு ஊர்களில் எத்தனையோ குழந்தைகளைக் கையில் வாங்கினாள். அப்படிப்பட்ட தெருவில் பிறந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான்.

ஆனால் அத்தை ஓட்டிய அந்த இரண்டு ஞாயிறும் நைனா பாவின் முனைக்கழியைப் பிடித்தபடி சுவரைப் பார்த்தே நின்றிருந்தார். பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டி, இரண்டு நாளும் பொழுது சாயும்வரை நான் அவரோடு பேசவில்லை. எங்கள் வீட்டின் ஒரு மாதச் சோறு அந்தத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்தது எனக்கு அப்போது தெரியாது.