திறக்காத கொக்கி

என் ஒன்றரை வயது மகன் ஒரு வாய் வாங்கினால் வீடு முழுக்க ஓடுவான். அதனால்தான் பிராட்வே கடைத்தெருவில் பெல்ட் வைத்த ஓர் உயர நாற்காலியை வாங்கி, மட்டாஞ்சேரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று காலை அவன் தட்டில் அவித்த நேந்திரம்பழத் துண்டுகளை வைத்துவிட்டு, பொங்கிவந்த பாலை இறக்கத் திரும்பினேன். ஸ்பூன் தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பார்த்தால், அவன் வாய் திறந்திருக்கிறது, அழுகை வரவில்லை. உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

பெல்ட்டின் கொக்கியை அழுத்தினேன். அசையவில்லை. தினமும் வழிந்த ராகிக்கூழ் அதற்குள் காய்ந்து இறுகியிருந்தது. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "இத்தா!" என்று அலறினேன்.

நான் அக்காவாக நினைத்து இத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு ஜமீலா ஓடிவந்தார். "பெல்ட் கிடக்கட்டும் மோளே! கசேரையோட முன்னால சாய்ச்சுப் பிடி!"

நாற்காலியோடு சாய்த்தேன். இத்தா ஒரு கையால் அவன் மார்பைத் தாங்கி, மறுகையால் முதுகில் ஓங்கித் தட்டினார். ஒன்றுமில்லை. மறுபடி தட்டினார். பழத்துண்டு தெறித்து விழுந்தது. அவன் வீறிட்டு அழுதான். கொக்கியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்துத் திறந்து, அவனைத் தூக்கிக்கொண்டேன்.

பிள்ளையைப் பிடித்துவைக்கத்தான் அதை வாங்கினேன். அதற்கு விடவும் தெரிய வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கொக்கியைக் கழுவி, திறந்து பார்த்த பிறகே அவனை உட்காரவைக்கிறேன். அவன் விழுங்கி முடிக்கும்வரை எதிரிலேயே இருக்கிறேன். பால் பொங்கினால் பொங்கட்டும்.