பன்னிரண்டாம் குழியில் பிடுங்கிய புல்

சென்ற மாசி மாதம் ஒரு வார இறுதியில் நுவரெலியாவுக்குக் கோல்ஃப் விளையாடப் போயிருந்தேன். போகிறவர்களுக்கு உதவும் என்று இதை எழுதுகிறேன். நான் கொழும்பில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். மேலதிகாரிகள் விளையாடுகிறார்களே என்று நாற்பத்தைந்து வயதில் தொடங்கிய பழக்கம் இது, நான்கு வருடமாகியும் விடவில்லை. விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம்: பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றிலும் பந்தைப் போட எத்தனை அடி அடித்தீர்களோ அதைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். குறைவாக இருந்தால் கெட்டிக்காரர். என்னைப் போன்றவர்களுக்கு நூறு என்பது பெரிய மதில். நான் இதுவரை அதற்குக் கீழே போனதில்லை. நுவரெலியா மைதானத்தில் போகலாம் என்று நண்பர்கள் ஆசை காட்டினார்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

கூட வந்தவன் மச்சான் செல்வம், என் மனைவியின் தம்பி. ஹட்டனில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை இரவு அவன் வீட்டில் தங்கி, மறுநாள் விடியுமுன் ஹட்டனில் ரயில் ஏறி நானுஓயாவில் இறங்கினோம். ஒன்றேகால் மணி நேரப் பயணம். நானுஓயாவிலிருந்து டவுனுக்கு எட்டு கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் கோல்ஃப் பையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் நிற்பவர்கள் முறைப்பார்கள். வேன்காரர் இரண்டாயிரம் கேட்டார், ஆயிரத்து ஐந்நூறுக்கு இறங்கினார்.

"கோல்ஃப் கிரவுண்டுக்குங்களா? பாக்கவா, அடிக்கவா?" என்றார்.

"அடிக்க" என்றான் செல்வம்.

"நம்ம ஆளுங்க அடிச்சு நான் பாத்ததில்லைங்க. பை தூக்கித்தான் பாத்திருக்கேன்" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. பார்த்ததைச் சொன்னார். நாங்கள் சிரித்தோம்.

மைதானம் டவுனுக்கு நடுவிலேயே இருக்கிறது. உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை, கட்டணம் கட்டினால் யாரும் விளையாடலாம். மைதானக் கட்டணம், மட்டைகளின் வாடகை, கெடி கூலி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆளுக்குப் பதினாலாயிரம் அளவில் வந்தது. விலை மாறிக்கொண்டே இருக்கும், போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். கெடி என்பவர் உங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடந்து, பந்து விழுந்த இடத்தைப் பார்த்துச் சொல்பவர். இங்கே கெடி இல்லாமல் விளையாடுவது முட்டாள்தனம். ஏன் என்று முதல் குழியிலேயே புரிந்துவிடும்.

அன்று செல்வத்துக்கு அனுபவமுள்ள கெடி ஒருவர் கிடைத்தார். எனக்குச் சுமதி. கெடிகளுக்குப் பொறுப்பாக இருந்த அந்தோனி அண்ணன், கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டே விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

"சார், இவங்க புதுசு. நேத்து ஒரு ஆட்டத்துல கொறை வந்திருச்சு. குழிக்குப் பக்கத்துல அந்த சார் பந்து போற வழியில மிதிச்சிட்டாங்க. இன்னைக்கும் கொறை வந்தா இலக்கம் போட்ட சட்டை குடுக்க மாட்டோம். பரவாயில்லைங்களா?"

சுமதி அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மற்ற கெடிகளின் பச்சைச் சட்டையில் முதுகில் இலக்கம் இருந்தது, இவருடையது வெறுமையாக இருந்தது.

"சட்டை கெடைக்கலைன்னா?" என்று நடந்துகொண்டே கேட்டேன்.

"திங்கக்கெழம காலையில தோட்டத்துப் பெரட்டுக் களத்துல வேலைக்குப் பேரு குடுக்கப் போயி நிக்கணும் சார். திரும்பவும் கூடைதான்" என்றார். "நிக்க மாட்டேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். மாமியா சிரிச்சிச்சு."

இனி மைதானத்தைப் பற்றி. நுவரெலியாவில் பலம் வேலைக்காகாது. விளையாடும் பாதைகள் ஒடுக்கமானவை, இருபக்கமும் உயரமான மரங்கள். ஓடை குறுக்கே வரும், கொஞ்ச தூரம் போய்த் திரும்பவும் வரும். டவுன் ரோடுகள் மைதானத்தை வெட்டிக்கொண்டு போகின்றன. ஒரு குழியிலிருந்து அடுத்ததற்குப் போக, லீக்ஸ் மரக்கறி ஏற்றிய லொறிக்காகக் காத்து நிற்க வேண்டியிருந்தது. மலை உயரத்தில் காற்று மெல்லியது என்பதால் பந்து கொழும்பில் போவதைவிடத் தூரம் போகும். கோணலாக அடித்தால் அந்தக் கோணலும் அதே அளவுக்குத் தூரம் போகும். மொத்தத் தூரம் அதிகமில்லை. அதனால் என்னைப் போல் மெதுவாகவும் நேராகவும் அடிப்பவனுக்கு இந்த மைதானம் சாதகம், செல்வத்தைப் போல் கோபத்தோடு அடிப்பவனுக்குப் பாதகம். நண்பர்கள் ஆசை காட்டியது இதற்காகத்தான். முதல் ஐந்து குழிகளில் செல்வம் நான்கு பந்துகளை மரங்களுக்குக் கொடுத்தான்.

குழிகளைச் சுற்றியுள்ள ஒட்ட வெட்டிய புல்தரை சின்னது. காலையில் பனி காயாமல் இருக்கும்போது பந்து ஓடாது, ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறியதும் வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டுக்கும் இடையில் நம் கை குழம்பிவிடுகிறது. வடிவமைத்தவர் யாரோ தெரியாது, ஆனால் பெருமைக்காரர்களைப் பிடிக்காதவர் என்று தோன்றியது.

சுமதி வேகமாக நடந்தார், தொணதொணக்கவில்லை. பந்து புதருக்குள் போனால் கண்ட இடத்தில் துழாவ மாட்டார். ஓரத்திலிருந்து தொடங்கி, கொழுந்து பறிக்கும்போது நிரை பிடிப்பார்களே, அப்படிக் கோடு பிடித்துத் தேடுவார். இரண்டு பந்துகளை அப்படி எடுத்துத் தந்தார். ஒன்றை எடுக்கவில்லை. தேட மூன்று நிமிடம்தான் அனுமதி, அவருடைய நிரை அதற்குள் முடியவில்லை. ஒன்பது குழி முடிவில் என் கணக்கு நாற்பத்தெட்டு. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பன்னிரண்டாம் குழியில் பந்து பாதையைவிட்டு விலகி, வலப்பக்கத்து நீண்ட புல்லுக்குள் விழுந்தது. சுமதி எனக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்தார். நான் பத்தடி தூரத்தில் வந்துகொண்டிருந்தேன். பந்துக்கு நேர் பின்னால் ஒரு கொத்துப் புல் எழும்பி நின்றது. தோளில் பை, ஒரு கையில் அதன் வார். அவர் குனிந்தார். சும்மா இருந்த கை அந்தக் கொத்தை வேரோடு பிடுங்கி, முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறி, பக்கத்தில் வீசியது. என் பெற்றோர் பூண்டுலோயாப் பக்கத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தேயிலைக்குள் புல்லைக் கண்ட கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு உத்தரவு தேவையில்லை.

கோல்ஃபில் இது பெரிய குற்றம். பந்து கிடக்கும் இடத்தில் முளைத்திருக்கும் எதையும் பிடுங்கி வசதி செய்துகொள்ளக் கூடாது. கெடி செய்தாலும் நாமே செய்த கணக்குத்தான். தண்டனை இரண்டு அடி.

வீசிய பிறகுதான் சுமதிக்கு உறைத்தது. "ஐயோ" என்றார். முகம் வெளிறிவிட்டது.

செல்வம் அருகில் வந்து, "விடு மச்சான். நாம என்ன கப்புக்கா வெளையாடுறோம்?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைப்பதில் பிரயோசனமில்லை. நான்கு வருடத்தில் முதல் தடவையாக நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன். அடித்துவிட்டு நடந்தேன். மீதி ஆறு குழிகளும் கணக்கு மனதில் இரண்டாக ஓடியது, இரண்டு சேர்த்தது ஒன்று, சேர்க்காதது ஒன்று. பதினெட்டாவது குழியில் கடைசிப் பந்தைத் தட்டிவிட்டபோது சேர்க்காத கணக்கு தொண்ணூற்றெட்டு. சேர்த்தால் சரியாக நூறு.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. புதுக் கெடியோடு ஆடி முடித்தவரிடம் அந்தோனி அண்ணன் கணக்கைக் கேட்பார். பிறகு, "கெடியால ஏதும் கூடிச்சா?" என்று கேட்பார். அந்த இரண்டு அடியை நான் மறைத்தால் சுமதிக்குச் சட்டை, எனக்கு நான்கு வருட ஆசை. இரண்டு பேருக்கும் லாபம். யாருக்கும் நட்டமில்லை.

கொடியைத் திரும்பக் குழியில் நட்டுக்கொண்டே சுமதி கேட்டார்: "அந்த ரெண்டையும் சேத்துத்தானே சொல்லுவீங்க?"

"சேத்தா அண்ணன் கேப்பாரே."

"கேப்பாரு. சேக்காம சொன்னீங்கன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன் சார். எனக்குச் சட்டை வேணும்" என்றார். "ஆனா ஒங்களுக்கு அது நல்லா இருக்குமா?"

நல்லா இருக்காது. பொய்யான தொண்ணூற்றெட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆனால் என் மனசாட்சிக்கான செலவு வேறொருவர் வீட்டுச் செலவாக இருந்தது. அந்தோனி அண்ணனிடம் போய் நூறு என்று சொன்னேன். சொல்லும்போது சுமதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"கெடியால ஏதும் கூடிச்சா?"

நான் வாய் திறப்பதற்குள் சுமதி, "ரெண்டு கூடிச்சுண்ணே. புல்லப் புடுங்கிட்டேன்" என்றார்.

"ஏன் புடுங்கின?"

"புல்லு இருந்துச்சுண்ணே."

அந்தோனி அண்ணன் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "நாளைக்கு ஒரு நாள் வா. யாராவது ஒன்னைக் கேட்டா அனுப்புறேன். கேக்கலைன்னா நான் ஒண்ணும் செய்ய ஏலாது" என்றார். இலக்கமில்லாத கெடியை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிறு மத்தியானம் நானுஓயாவில் ரயில் ஏறுவதாகத் திட்டம். அதை விட்டுவிட்டேன். திங்கட்கிழமைக்கு லீவு சொன்னேன். செல்வம், "ஒனக்குப் பைத்தியம் மச்சான்" என்று சொல்லிவிட்டு ஹட்டனுக்குப் பஸ் ஏறினான். இன்னொரு பதினாலாயிரம் கட்டி, "எனக்குச் சுமதிதான் வேணும்" என்று அந்தோனி அண்ணனிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சுமதியைக் கூப்பிட்டார்.

அன்று நான் மிக மோசமாக ஆடினேன். நேராக அடிப்பவன் என்று மேலே எழுதியதை நம்பாதீர்கள். நாலாவது குழியிலேயே பந்து நீண்ட புல்லுக்குள் போனது. சுமதி போய்ப் பந்தைக் காட்டினார். இடது கையில் என்னவோ வெள்ளையாகத் தெரிந்தது. கைக்குட்டையால் மணிக்கட்டைப் பையின் வாரோடு சேர்த்துக் கட்டியிருந்தார். வலது கையும் அந்த வாரைத்தான் பிடித்திருந்தது.

"என்ன இது?"

"சொன்னாக் கேக்குற கையில்ல சார் இது. கட்டிப் போட்டுட்டேன்."

பன்னிரண்டாம் குழியில் அதே வலப்பக்கம், அதே மாதிரிப் புல். பந்துக்குப் பின்னால் இரண்டு கொத்துகள். சுமதி அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். கட்டிய கை ஒரு தடவை வெட்டி இழுத்தது, வார் பிடித்துக்கொண்டது. நான் அந்தப் புல்லோடு சேர்த்து மூன்று தடவை அடித்த பிறகுதான் பந்து வெளியே வந்தது.

என் கணக்கு நூற்றுப் பதினொன்று. கெடியால் ஏதும் கூடியதா என்று அந்தோனி அண்ணன் கேட்டார். "எல்லாம் நான் அடிச்சதுதான்" என்றேன். அவர் உள்ளே போய் முப்பத்தொன்று என்று எழுதிய சட்டையைக் கொண்டுவந்தார். சுமதிக்கு அவசரத்தில் கைக்குட்டை முடிச்சு அவிழவில்லை. நான் அவிழ்த்துவிட்டேன். ஸ்வெட்டருக்கு மேலேயே சட்டையை மாட்டிக்கொண்டு, முதுகில் இலக்கம் தெரிகிறதா என்று என்னிடம் கேட்டார். தெரிகிறது என்றேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நூறு இன்னும் மதிலாக நின்றுகொண்டிருப்பதும் உண்மை.

போகிறவர்களுக்கு: மாசி, பங்குனி நல்ல மாதங்கள். சித்திரையில் டவுன் நிரம்பி வழியும், அறை கிடைக்காது. காலை ஏழு மணிக்குத் தொடங்குங்கள், மத்தியானத்துக்கு மேல் மூடுபனியை நம்ப முடியாது. ஸ்வெட்டர், மழைச் சட்டை இரண்டும் வேண்டும். பந்து ஒரு டசனாவது எடுத்துப் போங்கள். வழியில் குறுக்கே போகிறவர்களுக்கு இடம் விடுங்கள், அது அவர்களுடைய ஊர். எப்படி ஆட வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த அறிவுரை ஒன்றே ஒன்று, வேன் ஏறும்போது இலக்கம் முப்பத்தொன்று சொன்னது:

"பந்தப் புல்லுக்குள்ள போடாம அடிங்க சார். ரெண்டு பேருக்கும் நல்லது."