கச்சான் சுருளில் வந்த படம்

பிள்ளைகள், அச்சகம் என்றால் கலியாண அழைப்புக் காட்டும், செத்தவர் நினைவாக அந்தியேட்டிக்குக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகமும் அடிக்கிற இடம் என்றுதான் நீங்கள் இருவரும் நினைத்திருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்து இவ்வளவு காலம் மெசின் ஓட்டினேன். போன மாசிமாதம் நடந்ததை உங்களுக்கு எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆள் தெரியாமல் இருக்க ஊரையும் சில உறவுகளையும் மாற்றியிருக்கிறேன்.

நிவேதா மிஸ் ஓவியக் கண்காட்சிகள் ஒழுங்குசெய்கிறவர். கமலாசினி ரீச்சரைப் பற்றிப் பல வருடமாக ஆராய்ந்து எழுதிய கட்டுரைகளைப் புத்தகமாக்க எங்களிடம் வந்தார். ரீச்சர் ஓவியர், ஆசிரியை. சண்டையால் சனம் இடம்பெயர்ந்த காலத்தில் முகாம் முகாமாகப் போய், பயந்துபோன பிள்ளைகளுக்குப் படம் கீறவைத்து மனதை ஆற்றியவர். அவர் இறந்த பிறகு, அந்தப் பிள்ளைகள் கீறிய படங்களை அவருடைய வீட்டார் மிஸ்ஸிடம் கொடுத்திருந்தார்கள்.

ஒவ்செற் அச்சு மெசினில் கலர் பொருந்தும் வரைக்கும் வருகிற தாள்கள் எல்லாம் பழுது. அவற்றை முதலாளி நெல்லியடிச் சந்தியில் கச்சான் கடலை விற்கிற சிவமண்ணைக்குக் கொடுத்துவிடுவார். தடித்த தாள் என்றால் சுருள் மடங்காமல் நிற்கும் என்று அவருக்குச் சந்தோசம். எல்லா அச்சகத்திலும் இதுதான் வழக்கம். ஒருவரும் யோசித்ததில்லை. மிஸ்ஸின் புத்தகத்துக்குப் படங்கள் ஓட்டிய அன்றும் பழுதுத் தாள்கள் அப்படித்தான் போயின.

அடுத்த நாள் காலையில் ஒரு பெண் வந்து, விரித்த சுருள் தாள் ஒன்றை மேசையில் வைத்தார்.

"இதை இங்கையோ அடிச்சது?"

"ஓம். ஏன் பிள்ளை, கச்சான் பழுதோ?" என்று முதலாளி சிரித்தார்.

"கச்சான் நல்லம். படம் என்ரை."

"உது செத்துப்போன ரீச்சரின்ரை புத்தகத்துக்கு அடிக்கிறது."

"ரீச்சர் கீறேல்லை. நான் சின்னனிலை கீறினது."

உள்ளறையில் பிழை திருத்தப் புறூவ் பார்த்துக்கொண்டிருந்த நிவேதா மிஸ் ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. "அக்கா, உங்களைத்தானே இவ்வளவு நாளும் தேடினனான். இருங்கோ, இருங்கோ."

அந்தப் பெண் உட்காரவில்லை. "இதைப் புத்தகத்திலை போடாதேங்கோ."

"பேர் போடேல்லை அக்கா. 'ஒரு சிறுமி கீறியது' எண்டு மட்டும்தான்."

"என்ரை அம்மாவுக்குப் பேர் தேவையில்லை. அந்தப் பூட்டைக் கண்டாலே போதும்."

நான் தாளைப் பார்த்தேன். முதல்நாள் முழுக்க என் கையால் ஓடிய படம்தான். ஒரு வீடு. யன்னலில் வயதான மனிதர் ஒருவர். கதவில் அந்த மனிதரைவிடப் பெரிய பூட்டு. சின்னப் பிள்ளை அளவு தெரியாமல் கீறியது என்று நினைத்திருந்தேன்.

"இடம்பெயரேக்கை அப்பான்ரை அப்பா வரமாட்டன் எண்டு நிண்டவர்," என்றார் அந்தப் பெண். "றோட்டிலை இறங்கித் திரிவார், ஷெல் விழும் எண்டு அம்மா வெளியாலை பூட்டினவ. ரெண்டு நாளிலை திரும்பலாம் எண்டுதானே எல்லாரும் சொன்னவை. பிறகு எங்களைத் திரும்பிப் போக விடேல்லை."

நான் உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்த மெசினை நிற்பாட்டிவிட்டு வந்தேன்.

"வழியிலை செத்தவர் எண்டுதான் அம்மா எல்லாருக்கும் சொல்லி வைச்சிருக்கிறா. திவசத்துக்கு வாற ஐயருக்கும் அப்பிடித்தான். நேற்று இந்தச் சுருளை வாங்கிக்கொண்டு வந்ததும் அவதான். கண்ணாடி போடேல்லை. கச்சானை உடைச்சுத் தா எண்டு என்னட்டை நீட்டினவ."

மிஸ் கதிரையில் இருந்துவிட்டார். "ரீச்சர் பிள்ளையளுக்கு என்ன செய்தவ எண்டு காட்ட என்னட்டை இருக்கிறதிலை இதுதான் அக்கா முக்கியம். இதிலைதான் என்ரை ஆய்வே நிக்குது."

"என்ன செய்தவ எண்டு நான் சொல்லுறன், எழுதுங்கோ. ரீச்சர் ஒண்டும் கேக்கேல்லை. பூட்டுக்குப் பூசிப் பூசி என்ரை கறுப்பு முடிஞ்சுபோச்சு. தன்ரை கறுப்பை எடுத்துத் தந்தவ. அவ்வளவுதான். அண்டைக்கு இரவு நான் நித்திரை கொண்டனான்."

மிஸ் அதை எழுதவில்லை. பையைத் திறந்து மூலப்படத்தை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அண்ணை, அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார்.

"அடிச்சு முடிஞ்ச தாளுகள்?" என்று முதலாளி கேட்டார்.

"எல்லாத்தையும் வெட்டுங்கோ."

நான் சைக்கிளில் சந்திக்கு ஓடினேன். சிவமண்ணை அந்தப் பழுதுத் தாள்களில்தான் சுருள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னடாப்பா, குடுத்ததைத் திருப்பி வாங்கிற புது வழக்கம்?"

"மை சரியில்லை அண்ணை, சாப்பாட்டுக்கு ஆகாது."

"நேற்றுத் திண்டவை என்னைத் தேடி வருவினமோ?" என்று சிரித்தபடி, சுற்றியவற்றையும் அவிழ்த்துத் தந்தார். விற்றுப்போனவற்றுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மெசினுக்கு முன்னால் நிற்கும்போது கலர் பொருந்துகிறதா என்று மட்டும்தான் நான் பார்ப்பேன். அந்தத் தாளில் ஆரோ ஒருவரின் வீடு இருக்கிறது என்று பார்த்ததில்லை. இப்போது பழுதுத் தாளையும் ஒருதரம் வாசித்துவிட்டுத்தான் வெளியே விடுகிறேன். நீங்கள் என்ன வேலைக்குப் போனாலும் உங்கள் கையால் போகிறது ஆருடையது என்று பாருங்கள்.

பொழுதுபட எல்லாரும் போன பிறகு, அந்தப் படம் பதிந்திருந்த அச்சுப் பிளேற்றை மெசினில் இருந்து கழற்றினேன். பழைய பிளேற்றுகளை வேலி அடைக்க ஆட்கள் வாங்கிப் போவார்கள்; படம் அதிலும் தெரியும். பிழை அழிக்கிற மருந்தைத் துணியில் தொட்டு, பூட்டை முதலில் துடைத்தேன். பூட்டில்லாத கதவோடு அந்த மனிதரைக் கொஞ்ச நேரம் நிற்க விட்டேன். பிறகு அவரையும் துடைத்தேன்.